அளக்காமல் பதில் சொல்கிறேன்

பழைய கட்டடங்களில் இருக்கும் சர்வே குறிகளைப் பற்றி ஆரணிப் பக்கத்து வாசகர்கள் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்து விழுந்த கடிதங்களில் பாதி, பட்டாவில் பெயர் மாற்றித் தரச் சொல்லி வந்தவை. அவற்றைத் தாலுகா ஆபீசுக்கே விட்டுவிட்டேன். மீதி இதோ.

● ‘பெஞ்ச் மார்க்’ என்கிறார்களே, அதில் பெஞ்ச் எங்கே இருக்கிறது?
(பள்ளி மாணவர், சேவூர்)

கடைசி வரிசையில் இல்லை, தம்பி. கல்லில் படுக்கை வாட்டில் ஒரு வெட்டு வெட்டுவார்கள். மடக்கிய இரும்பு ஒன்றை அந்த வெட்டில் செருகினால் சின்னதாக ஒரு மேடை கிடைக்கும். அதுதான் பெஞ்ச். அளவுகோலை அதன் மேல் நிறுத்துவார்கள். இருபது வருஷம் கழித்து வேறொரு ஆள் வேறொரு கோலோடு வந்தாலும் அது அதே மயிரிழையில் நிற்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. இரும்பை அவர்கள் கையோடு எடுத்துப் போய்விடுவார்கள், வெட்டு மட்டும் கல்லில் தங்கிவிடும்.

இன்று கம்பெனிகளில் ‘புது பெஞ்ச் மார்க்’ என்று மாதத்துக்கொரு தடவை உயர்த்துகிறார்கள். அசல் பெஞ்ச் மார்க்குக்கு ஒரே ஒரு தகுதிதான். உயராமலும் தாழாமலும் போட்ட இடத்தில் கிடப்பது.

● கோயில் கல்லில் ஜி.டி.எஸ்., பி.எம். என்று இங்கிலீஷ் எழுத்து, நடுவில் சின்னக் கட்டம். யாரோ உபயதாரர் இனிஷியலா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆரணி)

டியூப்லைட்டின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதும் ஊரில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் உபயதாரர் இல்லாமல் கோயிலுக்குள் வந்த ஒரே எழுத்து இதுதான். ஜி.டி.எஸ். என்பது ‘கிரேட் டிரிக்னாமெட்ரிகல் சர்வே’, அதாவது முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்த பெரிய சர்வே. பி.எம். உங்களுக்குத் தெரிந்த பெஞ்ச் மார்க். நடுவில் இருக்கும் கட்டம்தான் கோலை நிறுத்தும் இடம். அந்தக் கட்டத்தின் தலைமட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்பது இந்திய சர்வே துறையின் பதிவேட்டில் இருக்கும், கல்லில் இருக்காது. விலைச்சீட்டு கடையிலும் சேலை உங்கள் வீட்டிலும் இருக்கிற மாதிரி.

● மலை உச்சியில் லாம்டன் வைத்த குறியும் இதுவும் ஒன்றுதானே?
(பாலிடெக்னிக் மாணவி, போளூர்)

இல்லை. அந்தப் பெரிய சர்வேயைத் தொடங்கியவர் லாம்டன். அவர் வைத்த குறி ‘எங்கே’ என்று சொல்லும், இது ‘எவ்வளவு உயரத்தில்’ என்று சொல்லும். சேலைக்கு நீளமும் வேண்டும், எடையும் வேண்டும். ஒன்றைக் கேட்டால் மற்றதைச் சொல்லக் கூடாது.

● ஏன் கோயிலைப் பிடித்தார்கள்? வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு பக்தியா?
(பட்டு வியாபாரி, ஆரணி)

பக்தி அஸ்திவாரத்தின் மேல்தான். நேற்று கட்டிய கட்டடம் இன்னும் சில வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் அமுங்கிக்கொண்டிருக்கும். நானூறு ஐந்நூறு வருஷமாக நிற்கும் கல் கோயில், அமுங்க வேண்டியதை எல்லாம் என்றோ அமுங்கி முடித்திருக்கும். இரண்டாவது காரணம், கோயிலை யாரும் இடித்துவிட்டு மாடி கட்ட மாட்டார்கள் (அப்போது அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது). மூன்றாவது, எந்த ஊருக்குப் போனாலும் வழி கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம். பழைய பாலம், சத்திரம், ரயில் நிலையம், ஏரி மதகு எல்லாம் இதே காரணங்களுக்காகத்தான் தேர்வாயின.

இந்த யோசனை அவர்களுக்கு முன்பே நமக்கு உண்டு. சோழர் காலக் கோயில்களின் அடித்தளக் கல்லில், இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி வெட்டி இடையே ஒரு நீளத்தை விட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த ஊரில் நிலம் அளந்த கோலின் நீளம் அது. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று ஊருக்கு ஊர் வேறு. கோலைச் சுருக்கி யாராவது ஏமாற்றினால் நேரே கோயிலுக்கு இழுத்து வந்து கல்லோடு வைத்துப் பார்க்கலாம். தலைமை அளவுகோலைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் சாமி வீட்டுச் சுவரில் வெட்டி வைத்த புத்தி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

● சோழர் அளவை அவ்வளவு துல்லியமா, அல்லது நாம் பெருமைக்கு அளக்கிறோமா?
(சந்தேகப் பேர்வழி, வந்தவாசி)

கொஞ்சம் இரண்டும். ராஜராஜன் கி.பி. 1001 வாக்கில் நாட்டை அளக்க வைத்தார். வேலையை நடத்திய சேனாபதிக்கு ‘உலகளந்தான்’ என்றே பட்டம். அந்த அளவையில் ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கெழுதியிருக்கிறார்கள். வேலியை ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். அரைச் சதுர மில்லிமீட்டர் வருகிறது. முந்தியில் ஒரு ஜரிகைப் பொட்டுகூட அதைவிடப் பெரிது. வயலில் இறங்கி யாரும் அதை அளந்திருக்க முடியாது. வரிக் கணக்கில் வகுக்க வகுக்க மிஞ்சிய மீதி அது. கோல் பிடித்தவரைவிடக் கணக்கெழுதியவர் கெட்டிக்காரர்.

● அந்தப் பெரிய சர்வே நம் ஆரணிப் பக்கம் வந்ததா, இல்லை எப்போதும் போல நம்மை விட்டுவிட்டுப் போனதா?
(தறிக்காரர், ஒண்ணுபுரம்)

ரயிலைப் போல இல்லை, வந்தது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அடிவாரத்தில் முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம், நூறடிச் சங்கிலி, இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம். அந்தச் சங்கிலிக்கு ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் தூதுக்குழு சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோனது அது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். சுற்றிச் சுற்றிக் கல்கத்தா வழியாக லாம்டன் கைக்கு வந்தது. சீனா திருப்பி அனுப்பிய சரக்கில்தான் இந்தியாவை அளக்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக மேற்கே வந்தார். மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழியில் ஒரு நிலையம். இன்னொன்று போளூர்ப் பக்கத்து மலையில், லாம்டன் தன் குறிப்பில் ‘கர்நாட்டிகர்’ என்று எழுதிய இடத்தில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 88 கிலோமீட்டர். இரண்டும் அநேகமாக ஒரே அட்சரேகையில் இருப்பதால், பூமி கிழக்கு மேற்காக எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்க அந்தக் கோடு உதவியது. வரைபடத்தில் நூல் பிடித்துப் பாருங்கள். வந்தவாசியை ஒட்டி, ஆரணிக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே போகும். நீங்கள் பாவு நீட்டும் தெருவுக்குச் சற்றுத் தள்ளி, பூமியின் உருண்டையையே ஒருவர் பாவு நீட்டிப் பார்த்திருக்கிறார்.

தூரம் அதிகமானால் பகலில் கொடி தெரியாது. ராத்திரியில் மலை மேல் நீல வெளிச்சம் வரும் வாணத்தைக் கொளுத்தி, அதைத் தொலைநோக்கியில் பிடிப்பார்கள். மலை உச்சியில் விளக்கேற்றி ஊர் ஊராகப் பார்ப்பது திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் புதிதில்லை. கும்பிட்டவர்கள் எத்தனை பேரோ!

அந்த முக்கோணச் சங்கிலிதான் ஐம்பது வருஷம் வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரம் வரை போனது. எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவித்தார்களே, அந்தக் கணக்கின் வேர் பரங்கிமலையில் இருக்கிறது.

● தஞ்சைப் பெரிய கோயிலில் ஏதோ விபத்து நடந்ததாமே?
(புடவைக் கடைக் கணக்கர், ஆரணி)

1808இல். தஞ்சாவூர் சமவெளி, ஏறி நின்று பார்க்க மலை கிடையாது, எங்கே திரும்பினாலும் தென்னை. ஆகவே கோயில் கோபுரங்களையே மலையாக வைத்துக்கொண்டார் லாம்டன். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. பெரிய கோயிலில் அதைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியதில் அதன் வட்டத் தகடே கோணிவிட்டது. இன்னொருவர் என்றால் சீமைக்குக் கடிதம் எழுதிவிட்டு மூன்று வருஷம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து, தகட்டை அங்குலம் அங்குலமாகப் பழைய வட்டத்துக்கே இழுத்துக் கொண்டுவந்தார்.

அந்தக் கருவிக்கு முன்பே ஒரு கண்டம் கழிந்திருந்தது. கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு இன்னதென்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரிகூடத் திருப்பிக் கொடுத்ததை நம் கயிறு கைவிட்டது.

● பெரிய கோயில் விமானத்தில் தொப்பி போட்ட உருவம் ஒன்று இருக்கிறதே, அவர்தான் லாம்டனா?
(அதே கணக்கர்)

இல்லை. ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்விதான்.

● ஆரணிக் கோட்டையில் நிற்கிற உயரமான தூண் சர்வே தூணா? நாங்கள் சின்ன வயதில் அதைச் சுற்றித்தான் ஓடிப் பிடித்து விளையாடுவோம்.
(அரசு ஊழியர், வேலூர்)

சர்வே தூண் இல்லை. கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுத் தூண். திப்புவோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கிய 1790இல் படைத் தலைவராக இருந்தபோது இறந்துபோனவர். ஆனால் உங்கள் ஊகம் முழுக்க வீண் போகவில்லை. கெல்லி வெறும் பட்டாளத்துக்காரர் இல்லை, கர்நாடகப் பகுதியின் வழித்தடங்களை அளந்து வரைபடம் போட்டவர். தென்னிந்தியா முழுவதற்கும் ஒரு வரைபடத் தொகுதி தயாரிக்கலாம் என்று லாம்டன் வருவதற்கு வெகு முன்பே கம்பெனியிடம் யோசனை சொன்னவர். நீங்கள் ஓடிப் பிடித்து விளையாடியது ஒரு வரைபடக்காரரைச் சுற்றித்தான்.

● நம் ஊரில் கடலே இல்லை. கடல் மட்டத்திலிருந்து உயரம் என்றால் எந்தக் கடல்?
(குடும்பத் தலைவி, கொசப்பாளையம்)

அம்மா, இதுதான் இந்த வாரத்தின் சிறந்த கேள்வி. வங்கக் கடலா, அரபிக் கடலா என்று சர்வே துறையே தலையைப் பிய்த்துக்கொண்டது. இந்தியாவில் மட்ட அளவை வேலை 1858இல் கராச்சியில் ஆரம்பமானது. ஐம்பது வருஷம் கோலும் கருவியுமாக நடந்து, 1909இல் கணக்கை முடித்தார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாவில் ஃபால்ஸ் பாயிண்ட். இந்த ஒன்பது துறைமுகத்திலும் அலை ஏறி இறங்குவதை வருஷக் கணக்கில் பதிந்து சராசரி எடுத்து, ஒன்பதையும் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். உண்மையில் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் ஒரே மட்டத்தில் இல்லை, சிறிய வித்தியாசம் உண்டு. ஆனால் ஒன்பது ஊர்ப் பஞ்சாயத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டால் அப்புறம் யார் கேட்பது?

அந்தத் தீர்மானத்தை நீங்கள் தினமும் பார்க்கலாம். களம்பூர்ப் பக்கம் ‘ஆரணி ரோடு’ ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கடல் மட்ட உயரம் போட்டிருக்கும். ரயிலுக்குத்தான் ஆரணிக்கு வர மனமில்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலேயே நின்றுவிட்டது.

● மெரினாவில் நின்று கைபேசியில் ஜி.பி.எஸ். உயரம் பார்த்தேன். கடலுக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் கீழே என்று காட்டியது. போன் கோளாறா, பூமி கோளாறா?
(கல்லூரி மாணவர், சென்னை, சொந்த ஊர் தேவிகாபுரம்)

பூமிதான். செயற்கைக்கோள் உயரம் பார்ப்பது கடலிலிருந்து அல்ல, கணக்குக்காகக் கற்பனை செய்துகொண்ட ஒரு வழுவழுப்பான முட்டை வடிவத்திலிருந்து. நிஜக் கடல் அந்த முட்டையோடு ஒட்டி நிற்காது. பூமிக்குள் கனம் எங்கே கூடுதல், எங்கே குறைச்சல் என்பதைப் பொறுத்து மேலும் கீழுமாக இருக்கும். உலகத்திலேயே அதிகப் பள்ளம் விழுந்த இடம் இலங்கைக்குத் தெற்கே, நூறு மீட்டருக்கும் மேல். நம் தமிழ்நாடு அந்தப் பள்ளத்தின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. பல போன்கள் இதைத் தாமாகவே சரிசெய்து காட்டும், உங்களுடையது ஒளிவுமறைவில்லாத போன். செயற்கைக்கோள் வந்த பிறகும் கல்லில் வெட்டிய கோட்டுக்கு மரியாதை போகாததற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முட்டைக்குத் தெரியாது.

● அண்ணா, எங்கள் வீடு குழித்தறி வீடு. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, மழை பெய்தால் தண்ணீர் தறிக்குழிக்குள். பாவு நனைந்தால் அந்த மாதச் சோறு போச்சு. அளந்து காட்டு என்கிறார்கள். எதை வைத்து அளப்பது?
(தறிக்காரர் மகள், முள்ளிப்பட்டு)

இதற்குச் சிரிக்கச் சிரிக்கப் பதில் சொல்ல மாட்டேன், தங்கச்சி.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021இலேயே தமிழக அரசின் தலைமைச் செயலர் உத்தரவு போட்டிருக்கிறார். உத்தரவு இருக்கிறது, மட்டம்தான் இல்லை. ‘முன்னே எவ்வளவு இருந்தது?’ என்று கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. ‘ரொம்பக் கீழே இருந்தது சார்’ என்பது அளவாகாது.

ஆகவே உங்கள் தெருவுக்கு நீங்களே ஒரு பெஞ்ச் மார்க் வையுங்கள். அசையாத கல் ஒன்று வேண்டும். பழைய வீட்டின் கருங்கல் படியோ, திண்ணைத் தூணின் அடிக்கல்லோ போதும். மின்கம்பம் வேண்டாம், மாற்றிவிடுவார்கள். கோயில் கல்லில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். கொத்தனாரை ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். பெயிண்ட் போதாது, அடுத்த பொங்கலுக்கு யாராவது சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அப்புறம் மேஸ்திரியிடம் இருக்கும் டியூப் மட்டம், அந்த நீளமான பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் தண்ணீரைக் கோட்டுக்கு நேராகப் பிடித்தால் மறுமுனையில் தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது, இருந்தால் பொய் சொல்லும். மறுமுனையைத் தெரு நடுவுக்கும், தறிக்குழி விளிம்புக்கும், சாக்கடை வாய்க்கும் கொண்டுபோய், கோட்டு மட்டத்திலிருந்து தரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து தேதியோடு எழுதுங்கள். பக்கத்து வீட்டார் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த முறை ஜல்லி லாரி வந்து நிற்கும்போது அந்தத் தாளை நீட்டுங்கள். என் வீட்டுத் தெருவில் இதைச் செய்யாததன் பலன், நான் இப்போது வாசலிலிருந்து தெருவுக்கு இரண்டு படி ஏறிப் போகிறேன். என் தாத்தா மூன்று படி இறங்கிப் போனார்.

● தறிக்கு மட்டம் அவ்வளவு முக்கியமா?
(ஐ.டி. ஊழியர், பெங்களூர்)

சேலை சுற்றும் படைமரம் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் துணி ஒரு பக்கம் இழுக்கும். ஆரணிச் சேலைக்குப் புவிசார் குறியீடு 2008இல் கிடைத்தது. தறிக்கு மட்டம் அதற்கெல்லாம் முன்பே கிடைத்துவிட்டது.

● இங்கிலாந்தில் இந்தக் குறிகளைத் தேடி ஊர் ஊராக அலைவதே ஒரு பொழுதுபோக்காமே?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், ஆரணி)

ஆமாம். அங்கே மாதா கோயில் சுவர், மதுக்கடைச் சுவர், பாலம் என்று ஏறத்தாழ ஐந்து லட்சம் குறி வெட்டினார்கள். படுக்கைக் கோடு ஒன்று, அதன் அடியில் மேல்நோக்கி அம்பு ஒன்று. செயற்கைக்கோள் வந்ததும் பெரும்பாலானவற்றைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அரசாங்கம் கைவிட்டதை ஜனங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் காமிராவுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். நமக்கும் தோதான வேலைதான். நடைப்பயிற்சிக்கு மருத்துவர் சொல்லியிருப்பாரே?

● அம்புக்குறி காட்டும் இடத்தில் தோண்டினால் புதையல் கிடைக்குமா?
(பெயர் வேண்டாம், கண்ணமங்கலம்)

பெயர் வேண்டாம் என்றபோதே புரிந்தது. அந்த அம்பு பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்குப் போடும் முத்திரை. அவர்கள் ஜெயில் கைதிகளின் சட்டையிலும் அதையேதான் போட்டார்கள். தோண்டினால் இரண்டாவதுதான் கிடைக்கும்.

● கல்லில் கோடு போட்டுவிட்டார்கள், சரி. பூமியே நகர்ந்தால்?
(பாலிடெக்னிக் மாணவி, போளூர்)

நகர்ந்தது என்று கண்டுபிடிக்கவே அந்தக் கோடு வேண்டும். 1934இல் பீகார் பூகம்பத்துக்குப் பிறகு சர்வே துறை பழைய குறிகளுக்கே திரும்பிப் போய் மறுபடி மட்டம் எடுத்தது. எந்தெந்த இடம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பழைய கோடு இல்லாவிட்டால், மேடு எது பள்ளம் எது என்று இன்றைக்கு இருப்பதைத்தான் சொல்ல முடியும்; நேற்று எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

● எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. கல்லை மிஷின் வைத்து மணல் அடித்துச் சுத்தம் செய்து, கீழே டைல்ஸ் போடப் போகிறோம். உங்கள் வாழ்த்து வேண்டும்.
(திருப்பணிக் குழு உறுப்பினர், ஆரணி வட்டம்)

கும்பாபிஷேகத்துக்கு வாழ்த்து. மணல் அடிப்பதற்கு இல்லை. மணல் அழுக்கோடு எழுத்தையும் கொண்டுபோகும். கல்வெட்டு, கோல் அளவு, சர்வே குறி மூன்றும் கல்லின் மேல்தோலில்தான் இருக்கின்றன. டைல்ஸ் போட்டால் தரை மூன்று அங்குலம் உயரும், அடித்தளத்தின் கீழ்வரி அதற்குள் போய்விடும். எளிதாக எட்டும் உயரத்தில்தான் குறி வெட்டுவார்கள் என்பதால் முதலில் புதைவது அதுதான். வேலை தொடங்குவதற்கு முன் ஒரு காலை நேரம், வெயில் சாய்வாக விழும்போது, அடித்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் வெட்டின் நிழல் தானே எழுந்து வரும். மதியத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

● எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே ஜி.டி.எஸ். எழுத்துள்ள கல் ஒன்று கிடக்கிறது. மேல்பக்கம் நல்ல சமதளம். துணி துவைக்க எடுத்துக்கொள்ளலாமா?
(சிக்கனக்காரர், பையூர்)

புதைத்தது புதைத்தபடி நிற்கிறதா, பெயர்ந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் தொடாதீர்கள். ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, இந்திய சர்வே துறைக்கு எழுதுங்கள். தலைமையகம் டேராடூன், கிளை அலுவலகம் சென்னையிலும் உண்டு. யாராவது ஏற்கனவே பெயர்த்துப் போட்டுவிட்டார்கள் என்றால் தாராளமாகத் துவையுங்கள். ஓர் அங்குலம் அசைந்த பிறகு அதற்கு உயரம் கிடையாது. வெறும் கருங்கல்தான்.